பாயைச் சுருட்டும் முன்

2019ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை இரவு எட்டு நாற்பதுக்கு என் போன் அடித்தது. வாடிக்கையாளர் உதவி மையத்தில் இரவுப் பணியில் இருந்த பெண் பேசினார்.

“அண்ணா, சீட் படமே வரமாட்டேங்குது. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. லைன்ல நிறைய பேர் காத்திருக்காங்க. கொஞ்சம் பாருங்கண்ணா.”

பஸ் டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனத்தில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது அப்போது என் வேலை. தீபாவளிக்கு முந்தின வாரம் என்பது எங்களுக்குப் பரீட்சை வாரம். சென்னையே ஊருக்குக் கிளம்பும் வாரம் அது. நாகர்கோவில், தூத்துக்குடி, தேனி, ராமநாதபுரம் என்று இரண்டு சீட்டுக்காகப் பத்துப் பேர் ஒரே பஸ்ஸைத் தட்டிப் பார்க்கும் நேரம். அந்த நேரத்தில் எந்தச் சீட் காலி, எது போய்விட்டது என்று காட்டும் படம் வரவில்லை என்றால் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டதற்குச் சமம்.

லேப்டாப்பைத் திறந்து முதலில் பிரைமரி சர்வரைப் பார்த்தேன். சிபியூ, டிஸ்க், இணைப்புகளின் எண்ணிக்கை எல்லாம் பச்சை. ஒரு குறையும் இல்லை. பணம் கட்டுகிறவர்களுக்குப் பணம் போகிறது, டிக்கெட் பதிவாகிறது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் யாருக்கும் சீட் தெரியவில்லை. சீட் படம் காட்டும் வேலையை நாங்கள் ரெப்ளிகாவிடம் கொடுத்திருந்தோம். பிரைமரியில் எழுதப்படுவதையெல்லாம் நொடிக்கு நொடி வாங்கி, தன்னிடமும் அப்படியே எழுதிவைத்துக்கொள்ளும் இரட்டைப் பிறவி அது. படிக்கிற வேலை எல்லாம் ரெப்ளிகாவில், எழுதுகிற வேலை எல்லாம் பிரைமரியில் என்று பிரித்திருந்தோம்.

ரெப்ளிகாவில் நுழைந்து, யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். திரை நிறைய வரிகள் ஓடின. ஒவ்வொன்றும் அதே சீட் குவெரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘லாக்’, ‘ரிலேஷன்’ என்ற இரண்டே சொற்கள். ஒரு டேபிளின் பூட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று அத்தனை பேரும் சொல்கிறார்கள். இருநூறு இணைப்புகளும் நிரம்பி, இருநூற்று ஒன்றாவது ஆள் உள்ளேயே வர முடியாமல் வாசலில் நிற்கிறார்.

ரெப்ளிகாவில் யாரும் எழுதவே முடியாது. எழுத முடியாத இடத்தில் பூட்டு எங்கிருந்து வந்தது? எட்டு ஆண்டு அனுபவம் இருந்தும் அந்த நிமிடத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை.

*

அந்தப் பதிலைச் சொல்ல, எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் எப்படி வாழ்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய திட்டம் போஸ்ட்கிரெஸ். எழுதியதை அழித்து எழுதக் கூடாது என்பது அதன் ஆதி விதி. ஒரு வரியை மாற்றினால் பழைய வரி அங்கேயே இருக்கும், புதிய வரி வேறோர் இடத்தில் எழுதப்படும். அழித்தாலும் ‘இது செத்துவிட்டது’ என்று ஓர் அடையாளம்தான் விழும். அன்றைக்கு அதன் நோக்கம் பழைய காலத்துத் தரவையும் திரும்பிப் பார்ப்பது. 1999இல் வந்த 6.5ஆம் பதிப்பிலிருந்து இந்தக் குணம் வேறொரு பெரிய பயனைத் தந்தது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பழைய வரியைத் தடையில்லாமல் படிக்கலாம். படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பதில்லை.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. செத்த வரிகள் குவியும். அவற்றைக் கூட்டிப் பெருக்கி, அந்த இடத்தை அடுத்த வரிக்கு ஒதுக்கித் தருகிற வேலைக்கு வேக்கூம் என்று பெயர். 2002இல் 7.2 வரும்வரை இந்தப் பெருக்கல் நடக்கும்போது டேபிளையே பூட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு படிக்கிறவர், எழுதுகிறவர் யாரையும் எழுப்பாமல் நடுவில் புகுந்து பெருக்கக் கற்றுக்கொண்டது. இப்போதெல்லாம் ஆட்டோவேக்கூம் என்ற காவலாள் நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வந்து, எந்த டேபிளில் குப்பை சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, தானே பெருக்கிவிடும்.

என் அப்பா கும்பகோணம் பக்கம் கல்யாணச் சமையல் குழுவில் பந்தி பார்ப்பவராக இருந்தவர். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். ஒரு பந்தி முடிந்ததும் இலை எடுக்க ஒருவர், தரை துடைக்க ஒருவர், அடுத்த இலை போட ஒருவர் என்று வேலை பறக்கும். சாப்பிட்ட இலையை எடுத்தால்தான் அடுத்த ஆள் உட்கார முடியும். வேக்கூமைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்த இலை எடுக்கிறவர்தான் நினைவுக்கு வந்தார்.

ஆனால் பந்தியில் இன்னொரு வேலையும் உண்டு. கடைசிப் பந்திகளில் கூட்டம் குறைந்துவிடும். வரிசையின் கோடியில் ஆளே இருக்காது. அப்போது கோடியிலிருந்து பந்திப்பாயைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள். மண்டபக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாய் அது. ஒருமுறை, பத்து வயது இருக்கும், நான் உற்சாகத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு பெரியவர் இன்னும் மோர் சாதத்தில் இருந்தார். அப்பா ஓடி வந்து என் கையைப் பிடித்தார். “இலை எடுக்குறது வேற, பாய் சுருட்டுறது வேற. ஆள் உட்கார்ந்திருக்கையில பாயில கை வைக்கக் கூடாதுடா.”

வேக்கூமும் இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. பலருக்கு முதல் வேலைதான் தெரியும். எனக்கும் அன்றுவரை முதல் வேலைதான் உண்மையில் தெரியும்.

போஸ்ட்கிரெஸ் ஒரு டேபிளை 8 கேபி அளவுள்ள பக்கங்களாக அடுக்கி வைக்கிறது. நடுவில் உள்ள பக்கம் காலியானால் அது டேபிளிலேயே தங்கி அடுத்த வரிக்குக் காத்திருக்கும். ஆனால் கடைசியில் உள்ள பக்கங்கள் வரிசையாகக் காலியாக இருந்தால், வேக்கூம் அவற்றை வெட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்திடமே திருப்பிக் கொடுத்துவிடும். இதற்கு ட்ரன்கேட் என்று பெயர். கடைசிப் பக்கத்தில் உயிருள்ள வரி ஒன்றே ஒன்று இருந்தாலும் வெட்டாது. 1,000 பக்கங்களாவது, அல்லது டேபிளில் பதினாறில் ஒரு பங்காவது கிடைக்கும்போல் தெரிந்தால்தான் இந்த வேலையில் இறங்கும். 1,000 பக்கம் என்பது சுமார் 8 எம்பி. இறங்கினால் அதற்கு ஒரு பூட்டு வேண்டும். இருப்பதிலேயே கடுமையான பூட்டு அது, ‘ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ்’. அந்தப் பூட்டு இருக்கும்வரை வேறு யாரும் அந்த டேபிளைப் படிக்கக்கூட முடியாது.

*

எங்கள் டேட்டாபேஸில் ‘ஹோல்ட்ஸ்’ என்று ஒரு டேபிள் இருந்தது. ஒருவர் ஒரு சீட்டைத் தொட்டதும், அவர் பணம் கட்டி முடிக்கும்வரை பத்து நிமிடம் அந்தச் சீட்டை அவருக்கென்று பிடித்து வைப்போம். அந்தப் பிடிப்புகள் எல்லாம் ஹோல்ட்ஸில் வரிகளாக விழும். பத்து நிமிடம் கழிந்ததும் நிமிடத்துக்கொரு முறை ஓடும் ஒரு வேலை அவற்றை அழிக்கும். கூட்டம் ஏறும்போது டேபிள் பருத்துவிடும், இறங்கும்போது வாலில் உள்ள பக்கங்கள் எல்லாம் காலியாகும். ஆட்டோவேக்கூம் வந்து வாலை வெட்டும். அடுத்த அலையில் மறுபடி வளரும், மறுபடி வெட்டும். ஒரு நாளில் பலமுறை இந்தக் கதை நடந்துகொண்டிருந்தது. ட்ரன்கேட் என்ற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான டேபிளை யாராலும் கட்டமைக்க முடியாது.

அந்த ஆண்டு ஜூலை மாதம் விற்பனைப் பிரிவினர் ஒரு ரிப்போர்ட் கேட்டார்கள். சீட்டைத் தொட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போனவர்கள் எத்தனை பேர், எந்த வழித்தடத்தில், எந்த விலையில். நல்ல கேள்வி. ரெப்ளிகாவில் இரவு இரண்டு மணிக்கு ஓடும்படி எழுதிக் கொடுத்தோம். முதல் படியில் ஹோல்ட்ஸைச் சில நொடிகளில் படித்துவிட்டு, பிறகு நாற்பது நிமிடம் பெரிய டேபிள்களோடு சேர்த்துக் கணக்குப் போடும். எல்லாம் ஒரே டிரான்சாக்ஷனில்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்த ரிப்போர்ட் நடுவில் செத்துவிழுந்தது. ‘ரெகவரியோடு மோதியதால் இந்தக் குவெரி ரத்து செய்யப்படுகிறது’ என்று ஓர் அறிவிப்பு. அந்த முதல் வரியைப் படித்தேன். அதற்குக் கீழே விவரம் என்று இன்னொரு வரி இருக்கும். அதைப் படிக்கவில்லை.

இணையத்தில் எங்கும் கிடைக்கிற அறிவுரைப்படி ‘ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்’ என்ற செட்டிங்கை இயக்கினேன். ‘நான் இந்தப் பழைய வரிகளை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து பெருக்காதே’ என்று ரெப்ளிகா பிரைமரிக்குச் சொல்லியனுப்பும் வசதி அது. ரத்துகள் குறைந்தன, நிற்கவில்லை. பிறகு ‘மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே’. பிரைமரியிலிருந்து வரும் ஒரு மாற்றம் ரெப்ளிகாவில் ஓடும் குவெரியோடு மோதினால், குவெரிக்காக எவ்வளவு நேரம் பொறுப்பது என்று சொல்லும் எண் அது. வழக்கமான மதிப்பு 30 விநாடி. நான் அதை -1 ஆக்கினேன். எவ்வளவு நேரமானாலும் பொறு என்று அர்த்தம்.

ரிப்போர்ட் அதற்குப் பிறகு ஒருமுறைகூட விழவில்லை. மோதல்களை எண்ணிவைக்கும் பட்டியலில் அந்த எண்ணிக்கை ஏறாமல் நின்றது. தீர்ந்தது என்று நினைத்தேன். அந்தப் பட்டியல் ரத்து செய்யப்பட்ட குவெரிகளை மட்டுமே எண்ணும், காத்திருப்பவர்களை எண்ணாது என்பதை நான் யோசிக்கவில்லை. யாரையும் ரத்து செய்யாதே என்று நானே சொல்லிவிட்ட பிறகு அது எதை எண்ணும்?

அக்டோபர் 22 அன்று விற்பனைப் பிரிவினர் தீபாவளிக் கூட்டத்தின் கணக்கை உடனே பார்க்க வேண்டும் என்றார்கள். நியாயமான விருப்பம்தான். ரிப்போர்ட்டை இரவு எட்டரைக்கே ஓட்டச் சொன்னேன்.

*

தோசை ஆறிப்போய்க் கிடந்தது. ரெப்ளிகாவில் ஓடும் புராசஸ்களைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். பிரைமரியிலிருந்து வரும் மாற்றங்களை எல்லாம் எழுதிவைக்கிற ஒரே ஆள் ‘ஸ்டார்ட்டப்’ என்ற புராசஸ். அதன் பெயருக்குப் பக்கத்தில் ‘ரெகவரிங்’, அதற்கடுத்து ஒரு நீண்ட எண், அதற்கடுத்து ‘வெயிட்டிங்’ என்று இருந்தது. அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ இறங்கியது. எழுதுகிறவரே காத்திருக்கிறார். அவர் காத்திருந்தால் பின்னால் வரும் எதுவுமே எழுதப்படாது. ரெப்ளிகா எட்டு முப்பத்தொன்றிலேயே உறைந்து நிற்கிறது.

வரிசையை ஒழுங்காகப் பார்த்தேன். முன்னால் ரிப்போர்ட், ஹோல்ட்ஸ் மீது படிக்கும் பூட்டைப் பிடித்தபடி. அடுத்து ஸ்டார்ட்டப், அதே ஹோல்ட்ஸ் மீது கடும்பூட்டைக் கேட்டபடி. அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சீட் குவெரிகள். படிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் தடுப்பதில்லை, உண்மை. ஆனால் நடுவில் கடும்பூட்டு கேட்கிற ஒருவர் வரிசையில் நின்றுவிட்டால், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டி முன்னால் போக முடியாது.

ரிப்போர்ட்டை நிறுத்தினேன். மணி எட்டு ஐம்பத்திரண்டு. இரண்டு நொடிக்குள் வரிசை கரைந்தது. ரெப்ளிகா தேங்கிய இருபத்தோரு நிமிட மாற்றங்களை மளமளவென்று எழுதி ஒன்பது மணிக்குள் பிரைமரியைப் பிடித்துவிட்டது. உதவி மையத்துக்குப் போன் செய்தேன்.

“வந்துருச்சுண்ணா,” என்றார் அந்தப் பெண். கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “கோயம்பேட்லேர்ந்து ஒருத்தர் லைன்லேயே இருந்தாரு. கைக்குழந்தை அழுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நாகர்கோவிலுக்கு ரெண்டு சீட். படம் வந்தப்ப அந்த பஸ் ஃபுல்லாயிருச்சு.”

இதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

*

மறுநாள் காலை, என்ன நடந்தது என்பதை ஊகமாக இல்லாமல் கண்ணால் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். பிரைமரியின் லாக் (log) ஃபைலில் ஆட்டோவேக்கூம் தன் வேலையை எழுதிவைத்திருந்தது. ஹோல்ட்ஸ் டேபிள், 1,128 பக்கங்கள் நீக்கப்பட்டன, 212 பக்கங்கள் மிச்சம். எடுத்த நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு.

பிறகு டபிள்யூஏஎல் (WAL) ஃபைலைத் திறந்தேன். பிரைமரியில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் எழுதப்படும் குறிப்பேடு அது. அதைத்தான் ரெப்ளிகா வாங்கிப் படிக்கிறது. மனிதர் படிக்கும் வடிவில் அதைக் காட்ட ஒரு கருவி உண்டு. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவில் இரண்டு வரிகளைத் தேடிப் பிடித்தேன். ஒன்றில் ‘ஸ்டாண்ட்பை, லாக்’ என்றும் எங்கள் ஹோல்ட்ஸ் டேபிளின் எண்ணும் இருந்தன. சற்றுத் தள்ளி ‘ஸ்டோரேஜ், ட்ரன்கேட், 212 பிளாக்குக்கு’ என்று இன்னொன்று. பூட்டு ரெப்ளிகாவில் பிறக்கவில்லை. பிரைமரியிலிருந்து கட்டளையாக வந்திருக்கிறது.

என்னை அதிகம் பாதித்தது அடுத்துத் தெரிந்துகொண்ட விஷயம். பிரைமரியில் வேக்கூம் இந்தப் பூட்டை எவ்வளவு பணிவோடு கேட்கிறது தெரியுமா? யாராவது டேபிளில் இருந்தால் காத்திருக்கும் வரிசையில் சேராது. 50 மில்லி விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். ஐந்து விநாடி வரை பார்த்துவிட்டுக் கிடைக்காவிட்டால், சரி, இன்னொரு நாள் என்று போய்விடும். பூட்டு கிடைத்த பிறகும் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை பின்னால் யாராவது காத்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கும். காத்திருந்தால் வேலையைப் பாதியில் விட்டு எழுந்துவிடும். அப்பாவின் மொழியில் சொன்னால், பெரியவர் எழுந்திருக்கும்வரை பாயைத் தொடாத நல்ல பிள்ளை.

ஆனால் பிரைமரிக்குத் தன் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் தெரியும். அங்கே யாரும் இல்லை, பாய் சுருட்டப்பட்டது. அந்தச் செய்தி ரெப்ளிகாவுக்கு வரும்போது அது வேண்டுகோள் இல்லை. நடந்து முடிந்த ஒன்று. ஸ்டார்ட்டப் புராசஸ் அதை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று ஒத்திப்போட முடியாது. பிரைமரியின் ஒழுங்கிலேயே எழுதியாக வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவரை எழுப்புவது, அல்லது அவர் எழும்வரை எல்லோரையும் நிறுத்திவைப்பது, இந்த இரண்டு வழிதான் அதற்கு. 30 விநாடி என்றால் முதல் வழி. -1 என்றால் இரண்டாவது. இதை நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன், தேர்ந்தெடுக்கிறேன் என்று தெரியாமலே.

ஃபீட்பேக் செட்டிங் ஏன் காப்பாற்றவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அது செத்த வரிகளைப் பெருக்காமல் தள்ளிவைக்கச் சொல்லும். எட்டரைக்குப் பிறகு செத்த வரிகளை வேக்கூம் தொடவில்லைதான். ஆனால் எட்டரைக்கு முன்பே செத்துக் கிடந்தவற்றை எட்டு முப்பத்தொன்றுக்குப் பெருக்கியது, பெருக்கியதும் வால் காலியானது, வாலை வெட்டியது. ரிப்போர்ட்டுக்குத் தேவையான ஒரு வரியைக்கூட அது தொடவில்லை. மோதியது வரியில் இல்லை, பூட்டில். ரிப்போர்ட்டும் ஹோல்ட்ஸைப் படித்து முடித்துவிட்டிருந்தது. ஆனால் ஒரே டிரான்சாக்ஷன் என்பதால் படிக்க எடுத்த பூட்டைக் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தது.

ஜூலை மாதத்து லாக் ஃபைல்களை எடுத்து, நான் அன்று படிக்காமல் விட்ட இரண்டாம் வரியைப் படித்தேன். ‘யூசர் வாஸ் ஹோல்டிங் எ ரிலேஷன் லாக் ஃபார் டூ லாங்.’ பயனர் ஒரு டேபிளின் பூட்டை அதிக நேரம் பிடித்திருந்தார். மூன்று மாதம் முன்பே அது எனக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ரெப்ளிகா நாற்பது நிமிடம் பின்தங்குவதும் வரைபடத்தில் இருந்தது. ரிப்போர்ட் ஓடுகிறது, அதனால் மெதுவாக இருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டிலிருந்து பல இரவுகளில் இதே நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் விழித்திருந்து டிக்கெட் தேடியவர்கள் யாரோ, அவர்கள் போன் செய்து புகார் சொல்லவில்லை.

*

தீர்வு என்ன? அன்று காலை எங்கள் டீமில் முதலில் வந்த யோசனை, ஹோல்ட்ஸ் டேபிளுக்கு ஆட்டோவேக்கூமையே அணைத்துவிடலாம் என்பது. கேட்கச் சுலபமாக இருந்தது. நான் மறுத்தேன். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் வரிகள் செத்துவிழும் டேபிள் அது. பெருக்காவிட்டால் இரண்டு நாளில் ஊதிப்போய் ஒவ்வொரு சீட் குவெரியும் குப்பையைத் தாண்டித் தாண்டி நடக்கும். பாய் சுருட்டுவதில் தகராறு என்பதற்காக இலை எடுப்பதை நிறுத்த முடியுமா?

நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தது 11ஆம் பதிப்பு. அதில் ‘பெருக்கு, ஆனால் வெட்டாதே’ என்று சொல்ல நேர்வழி இல்லை. ஆகவே சுற்றுவழிகள். முதலாவது, ரிப்போர்ட்டை இரண்டாக உடைத்தோம். ஹோல்ட்ஸை ஒரு சிறிய டிரான்சாக்ஷனில் படித்து வெளியே ஒரு ஃபைலில் வைத்துவிட்டுப் பூட்டை விட்டுவிட வேண்டும். நாற்பது நிமிடக் கணக்கு தனியாக நடக்க வேண்டும். ரெப்ளிகாவில் தற்காலிக டேபிள்கூட உருவாக்க முடியாது என்பதால்தான் அந்த ஃபைல். இரண்டாவது, சீட் படம் காட்டும் ரெப்ளிகாவில் பொறுமையை ஐந்து விநாடியாகக் குறைத்தோம். அங்கே ஓடும் எந்தக் குவெரியும் ஐந்து விநாடிக்கு மேல் ஓட வேண்டியதே இல்லை. மூன்றாவது, இன்னொரு ரெப்ளிகா எழுப்பி ரிப்போர்ட்களை எல்லாம் அங்கே அனுப்பினோம். அது பொறுமையாக, பின்தங்கிப் போகலாம். காத்திருப்பவர் யாரும் அங்கே இல்லை.

மூன்றாவது வேலையை முடிக்கும்போது வெள்ளி இரவு ஆகிவிட்டது. தெருவில் வெடிச்சத்தம் ஆரம்பித்திருந்தது. அந்த வாரக் கடைசியில் சீட் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

நேர்வழி வேறொரு பக்கத்திலிருந்து ஏற்கெனவே வந்திருந்தது. அந்த அக்டோபர் மாதத்திலேயே வெளியான 12ஆம் பதிப்பில் ‘வேக்கூம் ட்ரன்கேட்’ என்ற செட்டிங்கைச் சேர்த்திருந்தார்கள். ஒரு டேபிளுக்கு மட்டும் அதை அணைக்கலாம். வேக்கூம் வழக்கம்போலப் பெருக்கும், வாலை மட்டும் வெட்டாது. அதன் குறிப்பைப் படித்தபோது உலகத்தின் வேறு மூலைகளிலும் யாரோ இதே இரவைக் கடந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. முன்பின் தெரியாதவர்கள்மேல் நன்றி பெருகிய தருணம் அது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பஸ்கள் நின்றன. டிக்கெட் விற்பனை என்ற ஒன்றே இல்லாத அந்த மாதங்களில், எந்தப் பயணியையும் தொந்தரவு செய்யாமல் 12க்கு மாறினோம். மாறிய அன்றே ஹோல்ட்ஸ் டேபிளுக்கு ஆல்டர் டேபிள் ஒரு வரி, வேக்கூம் ட்ரன்கேட் ஃபால்ஸ். அந்த வரி யாருடைய படிப்பையும் எழுத்தையும் தடுக்காது. என்டர் தட்டிய மறுநொடியே முடிந்துவிட்டது. நான் மட்டும் திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லா டேபிளுக்கும் இதைச் செய்யவில்லை. ஏறி இறங்கும் டேபிள்கள் எவை என்று பார்த்தோம். ஹோல்ட்ஸ், அனுப்ப வேண்டிய எஸ்எம்எஸ் வரிசை, பணம் கட்டும்போது வரும் தற்காலிகக் குறிப்புகள் என்று மூன்று. அவற்றுக்கு மட்டும். வருடக்கணக்கில் சேர்ந்த பழைய தரவை ஒரேயடியாக அழிக்கிற டேபிளில் இடம் திரும்பக் கிடைக்கத்தான் வேண்டும். அங்கே ஆளில்லாத விடிகாலையில், ரிப்போர்ட்கள் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு, நாங்களே கையால் வேக்கூம் ஓட்டி வெட்டிக்கொள்வோம். 14ஆம் பதிப்பில் ரெப்ளிகா மோதிக் காத்திருந்தால் அதை லாக் ஃபைலில் எழுதிவைக்கும் வசதியும் வந்தது. வந்ததும் இயக்கினேன். ரத்துகளை மட்டும் எண்ணும் பட்டியலை நம்பி ஒருமுறை ஏமாந்தவனுக்கு, காத்திருப்பையும் எழுதிவைக்கும் அந்த வரி பெரிய ஆறுதல். 2025இல் வந்த 18ஆம் பதிப்பில் வேக்கூம் ட்ரன்கேட்டை முழு சர்வருக்கும் ஒரே இடத்தில் அணைத்துவைக்கலாம், வேண்டிய டேபிளுக்கு மட்டும் திறக்கலாம்.

*

வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதல் வாரத்தில் ஒரு பயிற்சி தருவேன். சோதனைச் சர்வரில் ஒரு பிரைமரி, பொறுமையை -1 ஆக்கிய ஒரு ரெப்ளிகா. ரெப்ளிகாவில் ஒரு டிரான்சாக்ஷனைத் திறந்து டேபிளைப் படித்துவிட்டு மூடாமல் விடச் சொல்வேன். பிரைமரியில் அந்த டேபிளை நிரப்பி, அழித்து, வேக்கூம் ஓட்டச் சொல்வேன். பிறகு ரெப்ளிகாவில் இன்னொரு ஜன்னலைத் திறந்து அதே டேபிளிலிருந்து ஒரே ஒரு வரி படிக்கச் சொல்வேன். கர்சர் மினுக்கிக்கொண்டே நிற்கும். வரி வராது. பிரைமரியில் எல்லாம் பச்சையாக இருக்கும். அந்த அமைதியை அவர்கள் ஒரு நிமிடமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக நான் பேசாமல் இருப்பேன்.

பிறகு கோயம்பேட்டில் குழந்தையோடு நின்றவரைப் பற்றிச் சொல்வேன். டிஸ்க்குக்குத் திருப்பிக் கொடுத்த 1,128 பக்கங்கள் சுமார் 9 எம்பி. எங்கள் டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக இருந்தது. யாருக்கும் தேவைப்படாத அந்த 9 எம்பியைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவர் இருபத்தோரு நிமிடம் காத்திருந்தார், இரண்டு சீட்டையும் இழந்தார். அடுத்த அலையில் அதே 9 எம்பியை ஹோல்ட்ஸ் டேபிள் மறுபடி கேட்டு வாங்கத்தான் போகிறது.

அந்த வேலையை விட்டு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அங்கே இருக்கும் தம்பி ஒருவர் தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லப் போன் செய்யும்போதெல்லாம் ஹோல்ட்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். கூட்டம் ஓய்ந்த நேரத்தில் முக்கால்வாசிப் பக்கங்கள் காலியாகக் கிடக்கும் என்பார். கிடக்கட்டும் என்பேன். பாய் விரித்தபடியே இருக்கட்டும். அடுத்த பந்திக்கு ஆள் வருவார்கள்.